அந்தமான் நெடுஞ்சாலை: எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு தரப்பு

அந்தமான் நெடுஞ்சாலையைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ஆட்சியாளர்கள் இரு தரப்பு மக்களை எதிரெதிரே கொண்டு வந்து நிறுத்துகின்றனர். ஒரு புறம் காட்டில் வாழும் ஜாரவா பழங்குடியினர். மறுபுறம் அந்தச் சாலையை நம்பிப் பிழைக்கும் லாரி ஓட்டுநர்கள், கிளீனர்கள், சுமைப்பணித் தொழிலாளர்கள், வட, மத்திய அந்தமானில் குடியேறிய விவசாயிகள். சாலையை மூடினால் இவர்கள் பட்டினி கிடப்பார்கள். திறந்து வைத்தால் அவர்கள் அழிவார்கள். ஆகவே இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்பதே கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்டு வரும் சமாதானம்.

உழைக்கும் மக்களின் இயக்கம் இந்தச் சமாதானத்தை ஏற்பதற்கில்லை. தீவுகளின் சரக்குப் போக்குவரத்து யார் கையில் இருக்கிறது, எந்த வழியில் நடக்கிறது, யாருடைய இலாபத்துக்காக நடக்கிறது என்ற கேள்விகளை எழுப்பாதவரையில்தான் அது நியாயம் போலத் தோன்றும். கேள்வியை எழுப்பியவுடன் ஓட்டுநரும் ஜாரவாவும் ஒரே கொள்கையால் வஞ்சிக்கப்பட்டவர்கள் என்பது வெளிப்படும்.

சாலை வந்த விதம்

போர்ட் பிளேரிலிருந்து (2024 செப்டம்பரில் ஒன்றிய அரசு இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது) ஜிர்காடாங், பாராடாங், கதம்தலா, ரங்கத், மாயாபந்தர் வழியாக வடகோடியிலுள்ள திக்லிப்பூர் வரை செல்வது இந்நெடுஞ்சாலை. 1970களின் தொடக்கத்தில் பணி தொடங்கி, 1980களின் இறுதியில்தான் முடிந்தது. அதற்கு முன் வட அந்தமானுக்கும் மத்திய அந்தமானுக்கும் ஆளும் சரக்கும் கடல் வழியாகவே சென்றன. கிழக்கு வங்கத்திலிருந்து 1949 முதல் அழைத்து வரப்பட்ட அகதிக் குடும்பங்களும், 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டு வரப்பட்டு இன்றும் 'ராஞ்சி' என்ற பெயரால் அறியப்படும் ஆதிவாசித் தொழிலாளர்களும் அவ்வாறு கப்பலேறிச் சென்றவர்களே.

மழைக்காட்டை வெட்டிச் சாலை போட்டவர்கள் பெரும்பாலும் ஏழைக் கூலிகள். பிரதான நிலத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும், சோட்டாநாக்பூர்ப் பகுதியிலிருந்தும், தமிழ்நாடு, ஆந்திரக் கரையோரங்களிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள். தங்கள் காடு தங்கள் கண் முன்னே வெட்டப்படுவதைக் கண்ட ஜாரவாக்கள் வில்லும் அம்பும் கொண்டு எதிர்த்தனர். அம்புக்குப் பலியானவர்கள் திட்டம் தீட்டிய அதிகாரிகளோ ஒப்பந்ததாரர்களோ அல்லர். கோடாரியும் மண்வெட்டியும் பிடித்த கூலிகளே. துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான ஜாரவாக்களின் கணக்கோ முறையாக எழுதப்படவே இல்லை. நிலமற்றவனைக் கொண்டு நிலத்துக்குரியவனின் காட்டை வெட்டச் செய்து, இருவரையும் மோதவிட்டு, விலகி நின்றது அரசு. அந்த மோதலைத்தான் இன்று 'வளர்ச்சிக்கும் பழங்குடிப் பாதுகாப்புக்கும் இடையிலான முரண்பாடு' என்று பெயர் சூட்டி அழைக்கிறார்கள்.

1997இன் இறுதியிலிருந்து ஜாரவாக்கள் பகை பாராட்டாது காட்டை விட்டு வெளியே வரத் தொடங்கினர். நட்புக்குக் கிடைத்த பரிசு நோய். 1999இல் தட்டம்மை அவர்களிடையே பரவியது. புகையிலையும் சாராயமும் சென்றன. பெண்கள் மீதான பாலியல் சுரண்டலும் தொடர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் 380 பேர். ஒரு கிராமப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைகூட இதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

ஓட்டுநரின் சாலை

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய மூன்று துறைமுகங்களிலிருந்தே அந்தமானுக்கு அரிசி, பருப்பு, சிமெண்ட், இரும்புக் கம்பி, மருந்து அனைத்தும் செல்கின்றன. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல் தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ஹாடோ துறையில் இறங்கும் சரக்கை வடக்கே கொண்டு செல்வதும், வடக்கிலிருந்து பாக்கு, தேங்காய், காய்கறி, மீன் ஆகியவற்றைத் தெற்கே கொண்டு வருவதும் லாரிகள். அந்த லாரிகளின் ஸ்டியரிங்கைப் பிடிப்பவர்களிலும் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களிலும் தமிழர்கள் கணிசமானோர். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் மக்கள்தொகை 3.8 லட்சம், அதில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்டிரெய்ட் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவா காப்புக்காடு. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வாகனங்கள் காவலோடு கான்வாயாக அனுப்பப்படும். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் செல்லக் கூடாது, முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காடு முடிந்த இடத்தில் கடல் கால்வாய். அங்கே வாகனப் படகுக்காக மறுபடியும் வரிசை. ஒரு கான்வாயைத் தவறவிட்ட லாரி அடுத்த கான்வாய்க்குக் காத்திருக்க வேண்டும். கடைசிக் கான்வாயையும் தவறவிட்டால் இரவு முழுவதும் சாவடியில்தான்.

விதிகள் தேவையானவை, அவற்றைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காத்திருக்கும் அந்த மணிகளுக்கான கூலியை யார் தருகிறார்? நடைக்கு இவ்வளவு என்று பேட்டா பேசி வண்டியேறும் ஓட்டுநருக்குக் காத்திருப்பு என்பது கூலியில்லா உழைப்பு. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று வரையறுத்தது. இடைவேளை ஓய்வையும் உறுதி செய்தது. ஆனால் 5 தொழிலாளருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் முதலாளிகள் நிறைந்த தொழிலில் இந்த ஓட்டை வழியே எத்தனை தொழிலாளர் வெளியே விழுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இப்போது அந்தச் சட்டமும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

தண்டனை என்று வரும்போது மட்டும் அரசுக்கு ஓட்டுநர் நன்றாகவே தெரிகிறார். விபத்து நடந்து தகவல் தராமல் சென்றால் 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு யாரைக் குறி வைத்தது என்பதை 2024 ஜனவரியில் நாடெங்கும் வண்டிகளை நிறுத்திய ஓட்டுநர்கள் புரிந்துகொண்டனர். அந்தப் போராட்டமே அப்பிரிவை அமலாகாமல் நிறுத்தியது. அந்தமானிலும் காப்புக்காட்டில் வண்டி நின்றால் முதலில் சிக்குபவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவர். வாடிக்கையாளரிடம் பழங்குடியினரைக் காட்டுவதாக ஆசை காட்டிப் பயணத்தை விற்றவர் கடையில் இருப்பார். நிறுத்தச் சொன்ன பயணி விமானமேறிச் சென்றிருப்பார்.

ஒரே தீர்ப்பு, இரு வேறு கதி

ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைப் பரிசீலித்த உச்ச நீதிமன்றம் 2002 மே 7 அன்று ஓர் உத்தரவு பிறப்பித்தது. தீவுகளின் காடுகளில் வணிக நோக்கில் மரம் வெட்டுவதை நிறுத்த வேண்டும். கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஜாரவா காப்புக்காட்டின் வழியே செல்லும் நெடுஞ்சாலைப் பகுதிகளை மூட வேண்டும். ஒரே உத்தரவின் இந்தப் பகுதிகளுக்கு நேர்ந்த கதியை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

மரம் வெட்டுவது நின்றது. காடு பிழைக்க அது தேவை. ஆனால் அந்த வேலையை நம்பியிருந்த தொழிலாளர் என்ன ஆனார்கள்? 1977இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன மற்றும் தோட்ட மேம்பாட்டுக் கழகம் வனத் தொழிலை மட்டும் நடத்தவில்லை. சிறிய அந்தமானில் செம்பனைத் தோட்டத்தையும், கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தையும் அது நடத்தியது. கச்சாலின் ரப்பர்த் தொழிலாளர்களில் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து பிடுங்கப்பட்டு இங்கே நடப்பட்ட தமிழர்கள், அவர்களின் வழித்தோன்றல்கள். மரம் வெட்டுவது நின்றதும் கழகம் நலிந்தது. மாற்றுத் தொழிலை உருவாக்க அரசு முன்வரவில்லை. 2017 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை கழகத்தையே மூட ஒப்புதல் அளித்தது. காட்டைக் காக்கும் விலையைத் தொழிலாளி செலுத்தினார்.

சாலை மூடப்படவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாகியும் உத்தரவின் அந்தப் பகுதி காகிதத்திலேயே இருக்கிறது. பாராடாங்கின் சுண்ணாம்புக் குகைக்கும் சேற்று எரிமலைக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்கள் நாள்தோறும் காப்புக்காட்டைக் கடந்தன. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் செய்யும் காணொளியை பிரிட்டனின் 'அப்சர்வர்' ஏடு வெளியிட்டபோது உலகமே தலைகுனிந்தது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; மார்ச்சில் தடை விலகியது. மூட வேண்டிய நெடுஞ்சாலையை மேம்படுத்தும் பணி தேசிய நெடுஞ்சாலைகள் மற்றும் உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஹம்ப்ரி நீரிணையின் குறுக்கே பெரும் பாலம் எழுந்தது.

தொழிலாளியின் வேலையைப் பறிக்கும் பகுதி நடைமுறைக்கு வந்தது. சுற்றுலா முதலாளியின் வருவாயைத் தொடும் பகுதி நடைமுறைக்கு வரவில்லை. நீதிமன்ற உத்தரவும் வர்க்க சமுதாயத்தில்தான் நிறைவேற்றப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. சாலையை மூடு என்ற கோரிக்கையைக் கேட்டதும் லாரித் தொழிலாளி அஞ்சுவது ஏன் என்பதும் இங்கேதான் விளங்குகிறது. வனக் கழகத் தொழிலாளிக்கு நேர்ந்தது அவர் கண் முன்னே இருக்கிறது.

பிரிட்டனின் பணிமனைகள்

சரக்குப் போக்குவரத்து என்றாலே தனியார் லாரி, நடைக் கூலி, ஒப்பந்ததாரர் என்று இருந்துதான் ஆக வேண்டுமா? முதலாளித்துவத்தின் தாயகமான பிரிட்டனிலேயே இதற்கு மறுப்பு உண்டு. அங்கே லாரித் தொழிலாளரின் தொழிற்சங்கத்தைக் கட்டி வளர்த்த எர்னஸ்ட் பெவின், இளமையில் பிரிஸ்டலில் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றிச் சென்றவர். தொழிற்சங்கங்களின் நெருக்குதலால் 1938இலேயே லாரித் தொழிலாளருக்குச் சட்டப்படியான ஊதியம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி 1947ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின் மூலம் நெடுந்தூரச் சரக்குப் போக்குவரத்தை நாட்டுடைமையாக்கியது. ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் லாரிகள் 'பிரிட்டிஷ் ரோடு சர்வீசஸ்' என்ற ஒரே பொதுத்துறை அமைப்பின் கீழ் வந்தன. 1950களின் தொடக்கத்தில் அதனிடம் ஏறத்தாழ 40,000 வாகனங்கள் இருந்தன.

கனரக லாரிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் செல்லக் கூடாது என்பது 1957 வரை அங்கே சட்டம். ஆகவே ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் சரக்கு சேர ஒரு முழு இரவு பிடிக்கும். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பின்னாளில் பகிர்ந்துகொண்ட நினைவுகளில் குளிரும் பனிமூட்டமும் முதுகு வலியும் உண்டு. அவற்றோடு பணிமனையும் உண்டு. பழுது பார்க்கும் கூடம், வருகைப் பதிவு, வேலை நேரக் கணக்கு, குறையைச் சொல்லச் சங்கப் பிரதிநிதி என ஓட்டுநருக்கு ஓர் இடம் இருந்தது. பாதி வழியில் எதிர்த் திசையிலிருந்து வரும் தோழரோடு வண்டியை மாற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் முறையும் நெடுந்தூரத் தடங்களில் இருந்தது. லாரி ஓட்டுவது நாடோடிப் பிழைப்பாக இராமல், ஊதியமும் ஊரும் உள்ள தொழிலாக மாறிய காலம் அது.

அது நிலைக்கவில்லை. சர்ச்சில் அரசு 1953இல் சட்டம் இயற்றி லாரிகளைத் தொகுதி தொகுதியாகத் தனியாருக்கு விற்கத் தொடங்கியது. வாங்க ஆளில்லாமல் எஞ்சியவையே பொதுத்துறையில் தொடர்ந்தன. 1969இல் தேசியச் சரக்குக் கழகமாக உருமாறி, தாட்சர் ஆட்சியில் 1982இல் அதுவும் விற்கப்பட்டது. பொதுத்துறைச் சரக்குப் போக்குவரத்து இயங்க முடியாமல் மடிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வர்க்க நலன் அதை விற்றது. அங்கும் முழுமையான சோசலிசம் இருந்ததில்லை. அதிகாரிகளின் ஆதிக்கமும் இழப்பீடு என்ற பெயரில் முதலாளிகளுக்குப் பெருந்தொகையும் இருந்தன. ஆயினும் சரக்கு ஏற்றுவது பொதுப்பணியாக இருக்க முடியும் என்பதை அந்த அனுபவம் மெய்ப்பித்தது.

கடலே தீவின் நெடுஞ்சாலை

அந்தமானில் அந்தப் பாடத்தை நேரடியாகப் பொருத்திப் பார்க்கலாம். ரங்கத், மாயாபந்தர், திக்லிப்பூரின் ஏரியல் பே ஆகிய துறைகள் கிழக்குக் கரையில் உள்ளன. சாலைக்கு முன் அவையே வடக்கின் வாயில்கள். பிரதான நிலத்திலிருந்து 1,200 கிலோமீட்டர் கடலில் வரும் சிமெண்ட் மூட்டை, ஹாடோவில் இறங்கி, லாரியில் ஏறி, காப்புக்காட்டைக் கடந்து, வாகனப் படகிலேறி மீண்டும் கடல் கால்வாயைத் தாண்டிச் செல்ல வேண்டிய அவசியம் என்ன? கடைசி நூற்றைம்பது, இருநூறு கிலோமீட்டரையும் அது கடலிலேயே கடக்கலாம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் கூறப்படும். முதலாவது, பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் என்பது. உண்மைதான். சிறிய, பழைய கப்பல்களை வைத்துக்கொண்டு, பழுது பார்க்க மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் சேவை நம்பகமாக இராது. பாலங்களுக்கும் சாலைக்கும் ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கைக் கப்பல்களுக்கும் ஜெட்டிகளுக்கும் ஒதுக்கினால் இந்த நிலை மாறும். இரண்டாவது, நோயாளிகள். வடக்கின் கடும் நோயாளிகள் போர்ட் பிளேரின் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனையை நாட வேண்டியுள்ளது. இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. ஆம்புலன்ஸுக்கு விலக்களிப்பதில் யாருக்கும் மறுப்பிராது. ஆனால் சுற்றுலா வாகனத்தைக் காப்பாற்ற நோயாளியைக் கேடயமாகப் பிடிப்பது கயமை. வடக்கிலேயே முழுமையான மருத்துவமனையை அமைப்பதுதான் அந்தக் கவலைக்கு நேர்மையான பதில்.

சரக்கு கடல் வழியே சென்றால் லாரித் தொழில் மறைந்துவிடாது. அதன் தூரம் குறையும். ஒவ்வொரு ஜெட்டியிலிருந்தும் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சரக்கு கொண்டு செல்ல லாரி வேண்டும். ஏற்றி இறக்க ஆள் வேண்டும். பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். சோதனைச் சாவடியில் கூலியின்றிக் காத்துக் கிடக்கும் ஓட்டுநர் மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் இது தானாக நடக்காது. சந்தையிடம் விட்டால் கப்பல் முதலாளி ஒருவரும் கிடங்கு முதலாளி ஒருவரும் தோன்றுவார்கள். லாரித் தொழிலாளி தெருவில் நிற்பார். எனவே கோரிக்கைகள் ஒன்றோடொன்று பிணைந்தவையாக இருத்தல் வேண்டும்.

1. ஜாரவா காப்புக்காட்டின் வழியே சுற்றுலா வாகனங்கள் செல்வதை உடனடியாக நிறுத்துக. 2002 உத்தரவைக் காலவரையறையோடு நிறைவேற்றுக.

2. போர்ட் பிளேர், ரங்கத், மாயாபந்தர், ஏரியல் பே ஆகியவற்றை இணைக்கும் பொதுத்துறைச் சரக்குக் கப்பல் சேவையை நிறுவுக. மாற்றுச் சேவை ஒழுங்காக இயங்கும் வரை இன்றியமையாப் பொருள்களுக்குத் தட்டுப்பாடு நேராதபடி உறுதி செய்க.

3. ஒவ்வொரு ஜெட்டியிலும் அரசுச் சரக்குப் பணிமனை அமைத்து, இன்று நெடுஞ்சாலையில் வேலை செய்யும் ஓட்டுநர், கிளீனர், சுமைப்பணித் தொழிலாளர் அனைவரையும் பதிவு செய்து அங்கே நிரந்தர வேலை வழங்குக.

4. நிறுவனத்தின் அளவு எதுவாயினும் 8 மணி நேர வேலையும், காத்திருப்பு நேரத்துக்கான ஊதியமும் சட்டமாகட்டும்.

5. ஜாரவாக்களின் காட்டையும் கடலோரத்தையும் பற்றிய முடிவுகள் அவர்களுடைய விருப்பத்தை அறிந்தே எடுக்கப்படட்டும். 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை மீறி அவர்களைச் சுரண்டும் முகவர்களும் முதலாளிகளும் தண்டிக்கப்படட்டும்.

தெற்கே மூளும் அடுத்த தீ

இது பழைய கணக்கு என்று கருதிவிடலாகாது. கிரேட் நிக்கோபாரில் கலத்தியா வளைகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், புதுநகரம் ஆகியவற்றுக்கு 72,000 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு, 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் வழங்கப்பட்டது. 130 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காடு இதற்காகத் திருப்பப்படுகிறது. அங்கே வாழும் ஷோம்பென் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 229 பேர். 2004 ஆழிப்பேரலையால் கரையோர ஊர்களை இழந்த நிக்கோபாரியர் தம் மூதாதையர் நிலத்துக்குத் திரும்ப இன்றும் கோரி வருகின்றனர். 1969 முதல் கேம்பல் பே பகுதியில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அங்கும் நாளை இதே நாடகம்தான் நடக்கும். பெருமுதலாளியின் துறைமுகத்துக்கு மண் சுமக்கவும் லாரி ஓட்டவும் தமிழ்நாட்டிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏழைகள் கப்பலேற்றப்படுவார்கள். ஷோம்பென் காட்டின் விளிம்பில் அவர்கள் கொட்டகை போடுவார்கள். நோய் பரவினால் பழி அவர்கள் மீது. மோதல் மூண்டால் சாவும் அவர்களுக்கே. 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லை எடுத்து வந்து, திட்டத்தை எதிர்ப்பவர்கள் ஏழைகளின் எதிரிகள் என்பார்கள் ஆட்சியாளர்கள்.

அந்த வாதத்துக்குப் பதில் அந்தமான் நெடுஞ்சாலையில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துச் சொல்லும் கடமை தொழிற்சங்கத் தோழர்களுக்கு உண்டு. லாரித் தொழிலாளரிடையே வேலை செய்வோர் ஜாரவாவின் வாழ்வுரிமையைச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பழங்குடி உரிமைக்காகப் பேசுவோர் ஓட்டுநரின் எட்டு மணி வேலையைத் தங்கள் முழக்கத்தில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே துண்டறிக்கையில் அச்சாகும் நாளில், கால் நூற்றாண்டாகச் சொல்லப்பட்ட அந்தச் சமாதானம் செல்லாக்காசாகிவிடும்.